ஆங்கில வினைச்சொல்லில் சாதாரண வடிவமா, தொடர் வடிவமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தொண்டி முதல் ஏர்வாடி வரை, ஆங்கிலம் தேவைப்படுவோர் பல வகையினர். வளைகுடா நாடுகளில் வேலைக்கு விண்ணப்பிக்கும் கீழக்கரை இளைஞர்கள், இராமேசுவரத்தில் வெளியூர்ப் பயணிகளுக்கு வழிகாட்டுபவர்கள், கப்பல் பணி நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள், பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் என இவர்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "ஐ கோ" என்று சொல்வதா, "ஐ ஆம் கோயிங்" என்று சொல்வதா என்பதே அந்த இடம். ஆங்கில வாக்கியங்கள் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. வாய்விட்டுப் படித்தால் எளிதில் விளங்கும்.

கன்டினியூவஸ், புரொக்ரசிவ் என்று இரண்டு பெயர்களைக் கேள்விப்படுகிறோம். இரண்டும் வேறு வேறா?

இல்லை. நம் பள்ளிகளில் கன்டினியூவஸ் என்று கற்பிக்கப்படுவதையே மொழியியல் நூல்கள் பெரும்பாலும் புரொக்ரசிவ் என்று குறிப்பிடுகின்றன. "பி" என்னும் துணைவினையின் ஏதேனும் ஒரு வடிவமும், அதைத் தொடர்ந்து "இங்" என்று முடியும் வினையும் சேர்ந்து வந்தால் அது தொடர் வடிவம்; அவ்வாறு சேராமல் வினை தனித்து நின்றால் அது சாதாரண வடிவம்.

தமிழில் "போகிறேன்" என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கும்போது, ஆங்கிலத்துக்கு ஏன் இரண்டு வடிவங்கள்?

தமிழிலும் ஒரு சொல் போதுமானதாக இல்லை என்பதே உண்மை. தாய்மொழி என்பதால் அதை நாம் கவனிப்பதில்லை. "வாடை இப்போது பலமாக வீசுகிறது" என்கிறோம். "வாடை மார்கழியில் பலமாக வீசும்" என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியம் கண்முன் நடப்பதைச் சொல்கிறது, இரண்டாவது ஆண்டுதோறும் நிகழும் இயல்பைச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் "வீசும்" என்பது எதிர்காலத்தைக் குறிக்கவில்லை என்பதை யாரும் சொல்லித்தராமலேயே நாம் அறிவோம். எக்காலத்துக்கும் பொதுவான இயல்பை "செய்யும்" என்னும் வாய்பாட்டுச் சொல்லால் கூற வேண்டும் என்பது தொல்காப்பியத்திலேயே உள்ள விதி. உரையாசிரியர்கள் அதற்கு "மலை நிற்கும்", "ஞாயிறு இயங்கும்" என எடுத்துக்காட்டுத் தருவார்கள்.

ஆகவே வழக்கத்தையும் இயல்பையும் ஒரு பக்கமாகவும், நடந்துகொண்டிருப்பதை மறுபக்கமாகவும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. "வாடை வீசும்" என்பதற்கு ஆங்கிலம் "த நார்த் விண்ட் புளோஸ்" என்ற சாதாரண வடிவத்தைத் தருகிறது. "வாடை வீசுகிறது" என்று இந்த நேரத்து நிலையைச் சொல்லும்போது "த நார்த் விண்ட் இஸ் புளோயிங்" என்ற தொடர் வடிவத்தைத் தருகிறது. தடுமாற்றம் வருவதற்குக் காரணம், தமிழில் "கிற" என்னும் இடைநிலை இரண்டு பக்கமும் சென்றுவரும் என்பதுதான். "அண்ணன் விசைப்படகில் வேலை செய்கிறார்" என்றால் அது அவருடைய தொழில். "அண்ணன் உள்ளே வேலை செய்கிறார், கூப்பிடாதே" என்றால் அது இந்த நிமிடத்துச் செயல். ஆங்கிலம் முதலாவதற்கு "வொர்க்ஸ்" என்றும் இரண்டாவதற்கு "இஸ் வொர்க்கிங்" என்றும் பிரித்தே சொல்லும்.

இதிலிருந்து பயனுள்ள ஒரு சோதனை கிடைக்கிறது. சொல்ல வந்த கருத்தை, எதிர்காலப் பொருள் வராமல், "செய்வேன், செய்வார், செய்யும்" என்னும் வடிவத்தில் தமிழில் சொல்ல முடியுமானால் ஆங்கிலத்தில் சாதாரண வடிவம் வரும். "நான் காலையில் வலை பின்னுவேன்" என்று வழக்கத்தைச் சொல்லலாம். எனவே "ஐ மேக் நெட்ஸ் இன் த மார்னிங்". "கிற" உள்ள வாக்கியத்தை நேராக "இங்" ஆக்குவதைக் காட்டிலும் இந்தச் சோதனை நம்பத்தக்கது என்பது என் கருத்து.

"ஐ ஆம் நோயிங் ஹிம்" என்பது ஏன் தவறு என்கிறார்கள்?

"நோ" என்பது செயலன்று, நிலை. ஒருவரை அறிந்திருப்பதற்குத் தொடக்கம், நடு, முடிவு என்று கட்டங்கள் கிடையா. தொடர் வடிவத்தின் வேலை ஒரு செயலின் நடுப்பகுதியைக் காட்டுவதாகும். நடுப்பகுதி இல்லாத ஒன்றில் அதற்கு வேலை இல்லை. படகு கிளம்பிக் கடலுக்குச் சென்று திரும்புவதைக் கரையில் நின்று முழுவதுமாகப் பார்ப்பதுபோன்றது சாதாரண வடிவம். அதே படகுக்குள் அமர்ந்து, கரை எந்தப் பக்கமும் தெரியாத நேரத்தில் சுற்றிப் பார்ப்பதுபோன்றது தொடர் வடிவம். "எனக்கு அவரைத் தெரியும்" என்பதில் ஏறி அமரப் படகே இல்லை.

இந்த இடத்திலும் தமிழ் நமக்கு உதவுகிறது. தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும், போதும், ஆகியவற்றைப் பாருங்கள். எல்லாம் "உம்" என்று முடிகின்றன. எல்லாவற்றிலும் நாம் "நான்" என்று தொடங்காமல் "எனக்கு" என்று தொடங்குகிறோம். நாம் செய்வதாக அல்லாமல், நம்மிடம் இருப்பதாக இவற்றைத் தமிழ் கருதுகிறது. ஆங்கிலத்திலும் இவற்றுக்கு நிகரான "நோ", "அண்டர்ஸ்டாண்ட்", "லைக்", "வான்ட்" ஆகியவை பொதுவாக "இங்" ஏற்பதில்லை. "எனக்குப் பிடிக்கும்" என்பதை யாரும் "எனக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்று சொல்லமாட்டார்கள்; அந்தக் கூச்சத்தையே ஆங்கிலத்துக்கும் கொண்டுசென்றால் பாதிப் பிழைகள் நின்றுவிடும்.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. "நம்புகிறேன்", "வெறுக்கிறேன்" ஆகியவை தமிழில் "கிற" பெறுகின்றன. "நம்பிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னாலும் தமிழ் ஒப்புக்கொள்ளும். ஆங்கிலத்தில் "ஐ பிலீவ்", "ஐ ஹேட்" என்பதே இயல்பான வடிவம். சொந்தம், அடக்கம், விலை ஆகியவற்றைச் சொல்லும் வினைகளும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. "இந்த வத்தை என் மாமாவுடையது" என்பதற்கு "திஸ் போட் பிலாங்ஸ் டு மை அங்கிள்" என்பதே சரி. 1986ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் அடங்கியுள்ளன என்று பயணியிடம் சொல்ல வேண்டுமானால் "த பார்க் கன்டெய்ன்ஸ் ட்வென்டி ஒன் ஐலண்ட்ஸ்" என்று சொல்ல வேண்டும்; "இஸ் கன்டெய்னிங்" என்றால் கேட்பவருக்கு உறுத்தும்.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" தவறு என்றால், "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" மட்டும் எப்படிச் சரியாகும்?

"ஹேவ்" என்பதற்கு உடைமைப் பொருள் ஒன்று, செயல் பொருள் ஒன்று என இரண்டு பொருள்கள் உண்டு. உடன்பிறந்தார் இருப்பது, படகு இருப்பது, காய்ச்சல் இருப்பது, சந்தேகம் இருப்பது எல்லாம் உடைமை; அங்கே "ஐ ஹேவ்" மட்டுமே வரும். சாப்பிடுவது, குளிப்பது, பேச்சு நடத்துவது ஆகியவற்றில் "ஹேவ்" ஒரு செயலைக் குறிக்கிறது. அங்கே "ஐ ஆம் ஹேவிங்" வரலாம். தமிழில் "இருக்கிறது" என்று வந்தால் "ஹேவிங்" வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். நேர்காணலில் "ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" என்று தொடங்குவோர் எண்ணிக்கை நம் பகுதியில் மிக அதிகம் என்பதால் இதை மட்டுமாவது திருத்திக்கொள்வது நல்லது.

அப்படியானால் ஒரே வினை இரண்டு வடிவங்களிலும் வந்து, பொருள் மட்டும் மாறுவது உண்டா?

நிறைய உண்டு. மீன் ஏலக் கூடத்தில் நின்றால் ஓர் எடுத்துக்காட்டு எளிதாகக் கிடைக்கும். "திஸ் ஃபிஷ் வெய்ஸ் சிக்ஸ் கிலோஸ்" என்றால் அந்த மீனின் எடை ஆறு கிலோ. அது மீனின் நிலை. "ஷி இஸ் வெயிங் த ஃபிஷ்" என்றால் ஓர் அம்மா தராசில் மீனை நிறுத்துக்கொண்டிருக்கிறார், அது செயல். குழம்பு புளிக்கிறது என்பதற்கு "இட் டேஸ்ட்ஸ் சவர்". குழம்பை உப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு "ஷி இஸ் டேஸ்டிங் இட்".

"திங்க்" என்னும் வினையில் தமிழ் இரண்டு சொற்களை வைத்திருப்பதால் நமக்கு வேலை எளிது. "இன்று கடல் அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறேன்" என்பது கருத்து. எனவே "ஐ திங்க்". "இன்று கடலுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்பது மனத்துக்குள் நடக்கும் வேலை. எனவே "ஐ ஆம் திங்கிங்". "சீ" என்பதும் இதுபோன்றதே. பாம்பன் பாலம் தெரிகிறது என்பதற்கு "ஐ சீ" அல்லது "ஐ கேன் சீ" போதும். பாலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால் வினையே மாறி "ஐ ஆம் லுக்கிங் அட் த பிரிட்ஜ்" ஆகிவிடும். "ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ" என்றால் நாளை மருத்துவரைச் சந்திக்க ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று பொருள்.

"பி" என்ற வினையே தொடர் வடிவம் பெறுவது பலருக்கு வியப்பாக இருக்கும். "ஹி இஸ் ரூட்" என்றால் அவர் இயல்பிலேயே மரியாதையற்றவர். "ஹி இஸ் பீயிங் ரூட்" என்றால் வழக்கமாக எப்படியோ, இந்தச் சமயத்தில் அப்படி நடந்துகொள்கிறார். ஒருவரைப் பற்றி மேலதிகாரியிடம் புகார் சொல்லும்போது இரண்டுக்கும் உள்ள தூரம் சிறியதன்று.

ஓர் உணவு நிறுவனத்தின் விளம்பரத்தில் "ஐ ஆம் லவ்விங் இட்" என்று வருகிறதே?

மெக்டொனால்ட்ஸ் 2003ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தும் வாசகம் அது. "லவ்" என்பது நிலைவினை என்பதை அதை எழுதியவர்கள் அறிந்தே மீறியிருக்கிறார்கள்: "எனக்கு இது எப்போதும் பிடிக்கும்" என்பதற்குப் பதிலாக "இதோ, இதை இப்போது சுவைத்துக்கொண்டிருக்கிறேன்" என்ற உணர்வை அது தருகிறது. பேச்சில் இத்தகைய மீறல்களை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் செய்வார்கள். தேர்வுத்தாளில் நாம் செய்ய வேண்டியதில்லை.

"நௌ" வந்தால் கன்டினியூவஸ், "எவ்ரிடே" வந்தால் சிம்பிள் என்று பள்ளியில் கற்றோம். அது போதாதா?

கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவுக்குப் போதும், பேசுவதற்குப் போதாது. இந்த விதியை ஒரேயடியாகத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஆனால் வடிவத்தைத் தீர்மானிப்பது குறிப்புச் சொல் என்ற எண்ணத்தை இது ஆழமாக விதைத்துவிடுகிறது. பின்னர் அந்தச் சொல் இல்லாத வாக்கியத்தில், அதாவது நிஜமான பேச்சின் பெரும்பகுதியில், மாணவர் திகைத்து நிற்கிறார்.

எதிர்ச்சான்றுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. "ஹி நௌ லிவ்ஸ் இன் தொண்டி" என்பது பிழையற்ற வாக்கியம். முன்பு வேறு ஊரில் இருந்தவர் இப்போது தொண்டியில் நிலையாகக் குடியிருக்கிறார் என்று பொருள். "ஷி இஸ் கலெக்டிங் சீவீட் எவ்ரி டே திஸ் வீக்" என்பதும் பிழையற்றது. பாசி எடுப்பதை வழக்கமாகக் கொள்ளாத ஒருவர் இந்த ஒரு வாரம் மட்டும் தினமும் போகிறார் என்று அது சொல்கிறது. "ஆல்வேஸ்" என்ற சொல் சாதாரண வடிவத்துக்கு உரியது என்று கற்பிக்கப்படுகிறது. "ஹி இஸ் ஆல்வேஸ் பாரோயிங் மை நைஃப்" என்றால் "எப்போது பார்த்தாலும் என் கத்தியையே இரவல் கேட்கிறான்" என்ற சலிப்பு வெளிப்படும். "ஹி ஆல்வேஸ் பாரோஸ் மை நைஃப்" என்றால் அந்தச் சலிப்பு இல்லை, வெறும் தகவல் மட்டுமே.

நிரந்தரம், தற்காலிகம் என்ற வேறுபாடு எவ்வளவு முக்கியம்?

வேலை, குடியிருப்பு, படிப்பு பற்றிப் பேசும்போது மிக முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாள்களில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். விசைப்படகில் வேலை செய்யும் ஒருவரைப் பற்றி மே மாதத்தில் கேட்டால் என்ன சொல்வது? "ஹி வொர்க்ஸ் ஆன் எ டிராலர்" என்று சொல்லலாம். அவர் அன்று கடலுக்குப் போகவில்லை, அந்த மாதம் முழுவதுமே போகப்போவதில்லை, ஆயினும் வாக்கியம் உண்மையே. அதோடு "ஹி இஸ் ரிப்பேரிங் நெட்ஸ் தீஸ் டேஸ்" என்று சேர்க்கலாம். கேட்கும் அந்த நிமிடத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் இதுவும் உண்மையே. தொடர் வடிவம் எப்போதும் இந்த விநாடியைக் குறிக்க வேண்டும் என்பதில்லை. எல்லை உள்ள ஒரு காலப்பகுதிக்குள் நடப்பதாக இருந்தால் போதும்.

"ஐ லிவ் இன் மண்டபம்" என்பவர் மண்டபத்துக்காரர். "ஐ ஆம் லிவிங் இன் மண்டபம்" என்பவர் வேலை நிமித்தம் சில காலம் தங்கியிருப்பவர் என்று ஆங்கிலக் காது புரிந்துகொள்ளும். ஊர்க்காரரே இரண்டாவதைச் சொன்னால், வேறு எந்த ஊர் உங்கள் சொந்த ஊர் என்ற கேள்வி வரக்கூடும்.

"பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்" என்பதை எப்படிச் சொல்வது? "ஹேஸ் சாட்" என்றால் சிரிக்கிறார்கள்.

பாடப்புத்தகங்கள் அதிகம் கவனிக்காத நல்ல கேள்வி. உட்கார்ந்திருக்கிறார், படுத்திருக்கிறார், சாய்ந்திருக்கிறார், சேலை கட்டியிருக்கிறார், கண்ணாடி போட்டிருக்கிறார் என்று தமிழ் செயல் முடிந்தபின் நிலைக்கும் நிலையைப் பார்க்கிறது. ஆங்கிலமோ இவற்றைத் தொடரும் செயலாகவே பார்க்கிறது: "ஷி இஸ் சிட்டிங்", "ஷி இஸ் லையிங் டௌன்", "ஷி இஸ் வேரிங் எ ரெட் சாரி". தமிழில் "கொண்டிரு" இல்லை, ஆயினும் ஆங்கிலத்தில் "இங்" வரும். காணாமற்போனவரின் அடையாளம் சொல்லும்போதும், புகைப்படத்தை விவரிக்கும் தேர்விலும் இதுவே தேவைப்படுகிறது.

இடம்பெயராத பெரிய பொருள்களுக்கு மட்டும் சாதாரண வடிவம் பொருந்தும். "த டெம்பிள் ஸ்டாண்ட்ஸ் ஆன் த ஐலண்ட்" என்று கோயிலைச் சொல்கிறோம். கோயில் வாசலில் நிற்கும் வழிகாட்டியை "ஹி இஸ் ஸ்டாண்டிங் அட் த கேட்" என்கிறோம். கோயில் நாளையும் அங்கேயே நிற்கும்.

பயணிகளுக்குப் பாம்பன் பாலத்தை விளக்கும்போது எந்த வடிவம் வேண்டும்?

விளக்கத்துக்குச் சாதாரண வடிவம், வேடிக்கை காட்டுவதற்குத் தொடர் வடிவம். 2025 ஏப்ரல் மாதம் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலெழும். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாலத்தின் தூக்குப் பகுதியோ இரு கைகளாகப் பிரிந்து திறந்தது. புதியது எப்படி இயங்கும் என்பதை "த ஸ்பான் ரைசஸ் ஸ்ட்ரெய்ட் அப், அண்ட் த ஷிப் பாஸஸ் அண்டர் இட்" என்று சொல்ல வேண்டும். அன்று கப்பல் எதுவும் வராவிட்டாலும் இவ்வாக்கியம் உண்மை. உங்கள் நல்லூழால் பயணிகள் நிற்கும்போதே தூக்குப் பகுதி உயர ஆரம்பித்தால், "லுக், த ஸ்பான் இஸ் ரைசிங்" என்று சொல்லுங்கள். பழைய பாலம் பற்றிய விளக்கம் முழுவதும் இறந்தகாலத்தில், "த ஓல்ட் ஸ்பான் ஓப்பன்ட் இன் டூ ஹாவ்ஸ்" என்று அமையும்.

1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சாலைப் பாலத்தைப் பற்றி "இட் இஸ் கனெக்டிங் த ஐலண்ட் வித் த மெயின்லேண்ட்" என்று சொல்லும் வழிகாட்டிகள் பலர். இணைப்பது பாலத்தின் நிலையான பணி. "இட் கனெக்ட்ஸ்" என்று சொன்னால் போதும்.

இறந்தகாலத்தில் "வாஸ் கோயிங்", "வென்ட்" இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிந்தவற்றைச் சாதாரண வடிவம் சொல்லும். அவை நடந்தபோது பின்னணியில் இருந்ததைத் தொடர் வடிவம் சொல்லும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். "எ பாஸெஞ்சர் டிரெய்ன் வாஸ் ரன்னிங் டுவர்ட்ஸ் தனுஷ்கோடி வென் த வேவ்ஸ் ஹிட் இட்." ரயில் ஓடிக்கொண்டிருந்தது பின்னணி, அலை மோதியது அந்தப் பின்னணியை முறித்த நிகழ்ச்சி. இரண்டையும் சாதாரண வடிவத்தில் சொன்னால் அலை மோதியபிறகு ரயில் ஓடியதாகப் பொருள் புரண்டுவிடக்கூடும்.

இதைவிட முக்கியமான மற்றொன்று உண்டு. தொடர் வடிவம் செயல் முடிந்ததா என்பதைச் சொல்லாமலே விட்டுவிடும். "த போட் சாங்க்" என்றால் படகு மூழ்கிவிட்டது. "த போட் வாஸ் சிங்கிங்" என்றால் மூழ்கத் தொடங்கியிருந்தது; பிறகு வேறு படகு வந்து கட்டி இழுத்துக் கரைசேர்த்திருக்கவும் கூடும். "ஹி டிரௌன்ட்" என்றால் அவர் உயிரோடு இல்லை. "ஹி வாஸ் டிரௌனிங்" என்றால் காப்பாற்றப்பட்டிருக்கலாம். காப்பீட்டுக் கோரிக்கையிலோ அதிகாரிகளிடம் தரும் எழுத்து வாக்குமூலத்திலோ இந்த வேறுபாட்டின் எடை மிகப் பெரியது. நம் மீனவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கடல் எல்லைச் சிக்கலில் "வீ கிராஸ்ட் த லைன்" என்பது எல்லையைக் கடந்துவிட்டோம் என்ற ஒப்புதல். எஞ்சின் பழுதாகி நீரோட்டம் படகை எல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்த நிலையைத்தான் சொல்ல வேண்டுமென்றால் "த போட் வாஸ் டிரிஃப்டிங் டுவர்ட்ஸ் த லைன்" என்று சொல்ல வேண்டும். இரண்டும் வெவ்வேறு உண்மைகள். எது நடந்ததோ அதற்குரிய வடிவத்தை எழுத வேண்டும். மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக்கிவிடாமல் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

பழங்கால வழக்கத்துக்கு "வாஸ் கோயிங்" பொருந்தாது. "தாத்தா காலத்தில் தனுஷ்கோடிக்கு ரயில் போகும்" என்பதை "டிரெய்ன்ஸ் யூஸ்ட் டு ரன் டு தனுஷ்கோடி" என்று சொல்லலாம். "டிரெய்ன்ஸ் ரன் டு தனுஷ்கோடி" என்பதில் "ரன்" என்பதை "ரேன்" ஆக்கினாலும் சரியே.

எதிர்காலத்தைச் சொல்லவும் இவை இரண்டும் வருகின்றனவே?

கால அட்டவணைக்குச் சாதாரண வடிவம், தனிமனித ஏற்பாட்டுக்குத் தொடர் வடிவம். "த டிரெய்ன் லீவ்ஸ் இராமேசுவரம் அட் எய்ட்" என்பது ரயில்வே அச்சிட்ட நேரம். "வீ ஆர் லீவிங் டுமாரோ" என்பது நாமே முடிவுசெய்து, பை கட்டி, சீட்டும் வாங்கிவிட்ட பயணம். முகூர்த்தம் குறித்த திருமணத்துக்கு "மை சிஸ்டர் இஸ் கெட்டிங் மேரிட் இன் தை" என்று சொல்வார்கள். மழை வருவதை நாம் ஏற்பாடு செய்ய முடியாது; எனவே "இட் இஸ் ரெய்னிங் டுமாரோ" என்று சொல்லக்கூடாது, "இட் வில் ரெய்ன்" அல்லது "இட் இஸ் கோயிங் டு ரெய்ன்" என்றே சொல்ல வேண்டும்.

"ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015" சரியா?

சரியன்று. தமிழில் "2015 முதல் இங்கே வேலை செய்கிறேன்" என்று நிகழ்காலம் போதும். ஆங்கிலம் அப்போது தொடங்கி இப்போதுவரை வந்த காலத்தைத் துணைவினையில் காட்டச் சொல்கிறது. "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015." நிலைவினையானால் "இங்" வராது: "ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2015."

இந்தியா முழுவதும் "ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்" என்று பேசுகிறார்களே. அது நம்முடைய ஆங்கிலம் என்று ஏன் ஏற்கக்கூடாது?

இந்திய ஆங்கிலத்தின் தெளிவான அடையாளங்களுள் ஒன்றாக மொழியியலாளர்கள் இதைக் குறிப்பிடுவது உண்மை. நமக்குள் பேசும்போது இதனால் பொருள் கெடுவதும் இல்லை. இதற்காக ஒருவரை எள்ளி நகையாடுவது பண்பும் ஆகாது. ஆங்கிலேயரிடத்தும் இந்த வடிவம் நிலைத்து நின்றதில்லை. 18ஆம் நூற்றாண்டில் வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு "த ஹவுஸ் இஸ் பில்டிங்" என்று எழுதினார்கள். "த ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்" என்னும் இன்றைய வடிவம் அந்நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டியபோது, அடுத்த நூற்றாண்டு முழுவதும் அதை அசிங்கம் என்று கண்டித்த இலக்கணக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்டித்த வடிவமே இன்று பள்ளிப்பாடம்.

எனினும் வேலை கொடுப்பவரும் தேர்வு நடத்துபவரும் இன்னும் பழைய அளவுகோலையே கையில் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் எழுதும் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வில் இலக்கணத் துல்லியத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று சொல்லுங்கள். நண்பர்களிடம் எப்படிப் பேசினாலும் குறையில்லை.

"ஐ ஆம் ஹோப்பிங்", "ஐ வாஸ் வொண்டரிங்" என்று வெளிநாட்டவர் எழுதுகிறார்களே?

அது பணிவு. "ஐ ஹோப் யூ கேன் ஹெல்ப்" என்பதில் சற்று அழுத்தம் உண்டு. "ஐ வாஸ் ஹோப்பிங் யூ குட் ஹெல்ப்" என்றால் மறுப்பதற்கு எதிராளிக்கு இடம் விட்டுக் கேட்பதாகும். தமிழில் "உதவி செய்ய முடியுமா என்று கேட்கலாம் என்றிருந்தேன்" என்று இழுத்துச் சொல்வதன் குணம் அதில் இருக்கிறது.

பேசும்போது யோசிக்க நேரமில்லை. எந்த வடிவம் என்று உறுதியாகத் தெரியாதபோது எதைச் சொல்வது?

சாதாரண வடிவத்தைச் சொல்லுங்கள். ஆங்கிலப் பேச்சிலும் எழுத்திலும் மிகப் பெரும்பான்மை வினைகள் சாதாரண வடிவத்திலேயே வருகின்றன. நம்மவர் செய்யும் பிழைகளிலோ தேவையற்ற "இங்" தான் அதிகம். ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் இந்த அறிவுரை உதவாது. கண்முன் நடந்துகொண்டிருக்கும் செயலை, நடக்கும்போதே ஒருவருக்குச் சொல்கிறீர்கள் என்றால் தொடர் வடிவம் கட்டாயம். "உள்ளே தண்ணீர் வருகிறது" என்று கடலிலிருந்து கம்பியில்லாக் கருவியில் சொல்பவர் "வாட்டர் கம்ஸ் இன்" என்றால், அந்தப் படகுக்கு எப்போதும் உள்ள கோளாறு போலக் கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். "வாட்டர் இஸ் கமிங் இன்" என்றால்தான் உடனே ஆள் அனுப்புவார்கள்.